டாவின்சி பிரிண்ட் வாங்கும் முன் ஒரு ஸ்கேலைக் கையில் எடுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். புது வீட்டு ஹாலில் லியனார்டோ டா வின்சியின் படங்களை பிரேம் போட்டு மாட்ட ஆசைப்படுகிறீர்கள். ஆன்லைனில் ஒரே படம் 800 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 18,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. மியூசியம் குவாலிட்டி, ஜிக்லே, கேன்வாஸ், லிமிடெட் எடிஷன் என்று ஏதேதோ போட்டிருக்கிறார்கள். 4 அடி உயர மோனா லிசா கேன்வாஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அதை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது விலையைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், சுவரில் மாட்டிய பிறகு அதில் லியனார்டோ எவ்வளவு மிஞ்சுவார் என்பதுதான் உங்கள் கவலை என்று தோன்றுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் அச்சுத் தொழில்நுட்பம் படித்தவன். 20 வருடங்களுக்கு மேலாக ஓவியப் பிரதிகளை அச்சிட்டு பிரேம் போட்டுக் கொடுக்கும் பட்டறை நடத்துகிறேன். காகிதம், மை, மவுண்ட் (நடுவில் ஜன்னல் வெட்டிப் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை), கண்ணாடி பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எந்தப் படம் யார் கை என்பது என் துறை இல்லை. ஆய்வாளர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடங்களில், பிரிந்து நிற்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

4 அடி மோனா லிசா வேண்டாம். அந்தப் பணத்தில் அவருடைய கோட்டுச்சித்திரங்களில் இரண்டோ மூன்றோ தேர்ந்தெடுத்து, அசல் என்ன அளவோ அதே அளவில், நல்ல பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, அகலமான மவுண்ட் வைத்து பிரேம் போடுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். மோனா லிசாவின் அசல் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். அதாவது இரண்டரை அடி உயரம், ஒன்றேமுக்கால் அடி அகலம், அவ்வளவுதான். விட்ருவியன் மனிதன் என்று எல்லோருக்கும் தெரிந்த, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் கைகால் விரித்து நிற்கும் அந்த மனிதர், சுமார் 34 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் தாளில் இருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் லியனார்டோ வரைந்த நடக்கும் கரடி ஒன்று இருக்கிறது. அந்தத் தாள் கிட்டத்தட்ட ஒரு போஸ்ட்கார்டு அளவுதான். 2021-இல் லண்டனில் ஏலம் போன ஒரு கரடித் தலை வெறும் 7 சென்டிமீட்டர் சதுரம், அது சுமார் 88 லட்சம் பவுண்டுக்குப் போனது. இவையெல்லாம் கையில் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய தாள்கள். அவர் அப்படித்தான் வரைந்தார், மணிக்கட்டும் விரலும் மட்டும் அசையும் அளவில்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் தொடங்கிய புதிதில் ஓர் அலுவலகத்துக்கு விட்ருவியன் மனிதனை 5 அடிக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். கோப்பு நல்ல கோப்புதான், அச்சிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் சுவரில் ஏற்றி நின்று பார்த்தபோது மனது கனத்துவிட்டது. அசலில் மயிரிழை போல ஓடும் பேனாக் கோடு, சணல் கயிறு தடிமனுக்கு வந்திருந்தது. முகத்தில் அந்த ஒருமுகப்பட்ட பார்வை காணாமல் போய், வெறும் கறுப்புத் தீற்றல்கள் தெரிந்தன. கோட்டுக்கும் தாளுக்கும் ஒரு விகிதம் இருக்கிறது. ஓவியர் அதை முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவை வைக்கிறார். நாம் பெரிதாக்கும்போது அதைக் கலைத்துவிடுகிறோம்.

கோட்டுச்சித்திரத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அது பிறந்ததே காகிதத்தில். காகிதத்தில் இருந்ததைக் காகிதத்தில் அச்சிடும்போது இழப்பு மிகக் குறைவு. ஓவியத்தின் கதை வேறு. லியனார்டோவின் ஓவியங்களில் கன்னத்திலிருந்து தாடைக்கு நிழல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இத்தாலியர்கள் அதை ஸ்ஃபுமாட்டோ என்கிறார்கள், புகை போலக் கரைந்த நிழல். மிக மெல்லிய எண்ணெய்ப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி அதைக் கொண்டுவந்தார். 2010-இல் வெளியான எக்ஸ்ரே ஆய்வு ஒன்றில் சில படலங்கள் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெல்லியவை என்றும், நிழல் அடர்ந்த இடங்களில் எல்லாம் சேர்ந்தே 40 மைக்ரானைத் தாண்டவில்லை என்றும் கண்டார்கள். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒளி அந்தப் படலங்களுக்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெள்ளைத் தளத்தில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த முகத்துக்கு அந்த உயிர். அச்சு இயந்திரம் மேற்பரப்பில் புள்ளி வைக்கும், அவ்வளவுதான் அதனால் முடியும். எவ்வளவு விலை உயர்ந்த பிரிண்டராக இருந்தாலும் சரி.

கேன்வாஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அது ஓவியத்துக்கு நெருக்கமானது என்று பலர் நினைக்கிறார்கள். லியனார்டோவைப் பொறுத்தவரை அது தவறு. மோனா லிசா பாப்லர் மரப் பலகையில் வரையப்பட்டது. போலந்தின் கிராக்கோவில் இருக்கும் அவருடைய இன்னொரு ஓவியம், எர்மின் என்ற கீரி போன்ற சிறு விலங்கை ஏந்திய பெண், வால்நட் பலகையில். அந்தப் பரப்புகள் வழவழப்பானவை, துணியின் நெசவு அவற்றில் கிடையாது. கேன்வாஸில் அச்சிட்டால் மோனா லிசாவின் கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாக நெசவு வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மென்மையான நிழல்தான் முதலில் பலியாகும்.

கேன்வாஸ் விற்பவர்கள் படத்தை மரச்சட்டத்தின் பக்கவாட்டில் மடித்து ஆணி அடிப்பார்கள். அதில் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ படம் மடிப்புக்குள் போய்விடும். மோனா லிசாவுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடிச் சுவரின் மேல், இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் தூண்களின் அடிப்பகுதி கொஞ்சம் தெரியும். அவர் தூண்கள் உள்ள ஒரு மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அடையாளமே அதுதான். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கேன்வாஸின் படத்தைத் திறந்து அந்த இரண்டு தூண் அடிகளையும் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கோப்பின் அளவை மட்டும் வைத்துச் சொன்னால் 4 அடி மோனா லிசா அச்சிடக்கூடியதுதான். பிரான்ஸ் நாட்டு அருங்காட்சியகங்களின் ஆய்வு மையம் எடுத்த படம் பொதுவெளியில் கிடைக்கிறது, சுமார் 7,500-க்கு 11,000 பிக்சல். அசல் அளவில் அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 350 பிக்சலுக்கு மேல் வரும், அது தாராளம். 4 அடிக்கு இழுத்தாலும் 230 வரும், தள்ளி நின்று பார்க்க அது போதும். சிக்கல் என்னவென்றால் எல்லா விற்பனையாளர்களும் அந்தக் கோப்பை எடுப்பதில்லை. சின்னக் கோப்பை மென்பொருளில் ஊதிப் பெரிதாக்கிக் கூர்மை ஏற்றிவிடுகிறார்கள். கண்டுபிடிக்க வழி, நெற்றியைப் பாருங்கள். அசலில் நெற்றி முழுக்க நுண்ணிய வெடிப்பு வலை இருக்கிறது, 500 வருடப் பழைய வண்ணம் காய்ந்து விரிந்த தடம். அது இல்லாமல் நெற்றி பிளாஸ்டிக் பொம்மை போல வழுவழுவென்று இருந்தால் அந்தக் கோப்பு ஊதப்பட்டது. வாங்கும் முன் கண்ணும் கையும் இருக்கும் பகுதியை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நல்ல அச்சுக்காரர் உடனே அனுப்புவார்.

வண்ணம் சரியா என்று கேட்டால், மோனா லிசா விஷயத்தில் யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. மேலே பூசிய வார்னிஷ் நூற்றாண்டுகளில் மஞ்சளாகி, முழுப் படத்தையும் பச்சை கலந்த பழுப்புக்குள் இழுத்திருக்கிறது. மேட்ரிட் பிராடோ மியூசியத்தில் அதே காலத்துப் பிரதி ஒன்று இருக்கிறது, லியனார்டோவின் பட்டறையிலேயே வரையப்பட்டது என்று கருதப்படுவது. 2012-இல் அதைச் சுத்தம் செய்து காட்டியபோது சிவப்புச் சட்டைக் கையும் நீலமான மலையுமாக வேறு ஒரு பெண்ணே எழுந்து வந்ததுபோல இருந்தது. அசலும் ஒருகாலத்தில் அப்படி இருந்திருக்கலாம், ஆனால் அது ஊகம். ஒருவர் மஞ்சளாகவும் இன்னொருவர் பளிச்சென்றும் அச்சிட்டு இரண்டையும் ஒரிஜினல் கலர் என்று விற்பதற்குக் காரணம் இதுதான். இன்று பாரிஸின் லூவர் மியூசியத்தில் தொங்கும் அசல் எப்படி இருக்கிறதோ அப்படி அச்சிடுவதே நேர்மை என்பது என் கருத்து.

கடைசி இராவுணவுப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. எனக்கு வரும் பிரேம் வேலையில் அது வராத மாதமே இல்லை. அசல் மிலானில், சாந்தா மரியா டெல்லே கிராட்சியே மடத்துச் சாப்பாட்டுக்கூடச் சுவரில் இருக்கிறது. 4.6 மீட்டர் உயரம், 8.8 மீட்டர் அகலம், 1495 முதல் 1498 வரை வரைந்தது. ஈரச் சுண்ணத்தில் வரைவதற்குப் பதிலாகக் காய்ந்த சுவரில் வரைந்ததால் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. 1652-இல் சுவரில் ஒரு வாசல் வெட்டினார்கள், அதில் இயேசுவின் பாதங்கள் போய்விட்டன. இனி உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருக்கும் படத்தைப் பாருங்கள். மேசைக்கடியில் நடுவில் இயேசுவின் பாதங்கள் தெரிந்தால் அது அசலின் புகைப்படம் கிடையாது. பழைய பிரதி ஒன்றையோ, 1800-ஐ ஒட்டி வந்த ரஃபயேல் மோர்கனின் செதுக்கு அச்சையோ, அவற்றைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் வரைந்ததையோ வைத்து அச்சிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை, அந்தப் படங்களின் முன்னால் தலைமுறை தலைமுறையாக ஜெபம் செய்திருக்கிறார்கள். ஆனால் லியனார்டோவின் கை வேண்டும் என்று காசு கொடுப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கோட்டுச்சித்திரங்களுக்கு வருவோம். இங்கிலாந்து அரச குடும்பத்தின் தொகுப்பில், விண்ட்சர் கோட்டையில், 550-க்கும் மேற்பட்ட லியனார்டோ தாள்கள் இருக்கின்றன. அவர் 1519-இல் பிரான்ஸில் இறந்தபோது தாள்கள் எல்லாம் சீடர் பிரான்செஸ்கோ மெல்ஸிக்குப் போயின. அவற்றில் இன்று விண்ட்சரில் இருப்பவை பிறகு சிற்பி பொம்பெயோ லெயோனி கைக்கு வந்து, ஒரே தோல் அட்டைத் தொகுப்பாகக் கட்டப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அந்தத் தொகுப்பிலிருந்து ஹாலுக்கு எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், இரண்டைச் சொல்வேன். ஒன்று, 1490-ஐ ஒட்டி மிலானில் குதிரைச் சிலை ஒன்றுக்காக வரைந்த குதிரைகள். நீலம் பூசிய தாளில் கூரான வெள்ளிக் கம்பி முனையால் வரைந்தவை. கழுத்துத் தசை திரும்பும் இடத்தில் கோடு எப்படி வளைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தச் சிலைக்கென்று செய்த பிரம்மாண்டமான களிமண் மாதிரியை 1499-இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்வீரர்கள் குறி பார்த்துப் பழகிச் சிதைத்தார்கள். மிஞ்சியது இந்தத் தாள்கள்தான். இன்னொன்று, ஸ்டார் ஆஃப் பெத்லஹேம் என்ற செடி. காவிக்கட்டியும் பேனாவும் கொண்டு வரைந்தது. இலைகள் நீர்ச்சுழி போலச் சுருண்டு கிளம்பும். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து விரித்தால் அந்தத் தாள் அதற்குள் அடங்கிவிடும்.

அரச தொகுப்பின் படங்களுக்கு அவர்கள் உரிமை கோருகிறார்கள் என்பதால் அவற்றை அவர்களிடமோ, அனுமதி பெற்ற அச்சகத்திடமோ வாங்குவது நல்லது. தடையில்லாமல் தரவிறக்கி, நீங்களே ஒரு நல்ல அச்சுக்கூடத்தில் கொடுத்து அச்சிட வேண்டும் என்றால் மெட்ரோபாலிட்டன் மியூசியம் இருக்கிறது. நான் சொன்ன கரடியும், கறுப்பு, சிவப்புக் கட்டிகளால் வரைந்த கன்னி மரியாவின் தலை ஒன்றும் அவர்கள் தளத்தில் பெரிய கோப்பாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் தலை சுமார் 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர். காகிதத்திலேயே ஸ்ஃபுமாட்டோவைப் பார்க்க விரும்பினால் அதுதான். இமை தாழ்ந்து, கட்டியின் தூள் விரலால் தேய்க்கப்பட்டு, கோடு எங்கே போயிற்று என்றே தெரியாமல் முகம் மட்டும் நிற்கும். நான் அதை அசல் அளவில் அச்சிட்டு என் பட்டறை மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டுக் கிட்டே போய்ப் பார்ப்பார்கள். கிட்டே வரவழைக்கும் அந்த ஈர்ப்பு 4 அடிப் படத்துக்குக் கிடையாது.

ஓவியம்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால் ஜினேவ்ரா டெ பென்சியைப் பாருங்கள். வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, அவர்களும் கோப்பை இலவசமாகக் கொடுக்கிறார்கள். 38 சென்டிமீட்டருக்கு 37, கிட்டத்தட்ட சதுரம். கீழ்ப்பகுதியை யாரோ எப்போதோ வெட்டிவிட்டார்கள், அதில்தான் கைகள் இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். முகத்துக்குப் பின்னால் அடர்ந்து நிற்பது ஜூனிப்பர் புதர். இத்தாலிய மொழியில் ஜினேப்ரோ, அவள் பெயருக்கு ஒரு சிலேடை. பலகையின் பின்புறத்திலும் ஒரு ஜூனிப்பர் கிளையைச் சுற்றி மாலையும் லத்தீன் வாசகமும் வரைந்திருக்கிறார். முன்னையும் பின்னையும் தனித்தனியாக அச்சிட்டு அருகருகே மாட்டினால் மிக அழகாக இருக்கும்.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் 45 கோடி டாலருக்கு ஏலம் போன சால்வதோர் முந்தி என்ற இயேசு ஓவியம் முழுக்க லியனார்டோவின் கைதானா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நீண்ட தாடியுடன் காவிக்கட்டியில் வரைந்த அந்த முதியவர் முகம், இத்தாலியின் டூரின் நூலகத்தில் இருப்பது, லியனார்டோவின் சுயசித்திரம் என்ற பெயரில் எங்கும் விற்கிறது. வரைந்தவர் அவர்தான் என்பதைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். வரையப்பட்டவரும் அவர்தானா என்பதைச் சிலர் கேள்வி கேட்கிறார்கள். பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், அப்பேர்ப்பட்ட முகம் அது. ஆனால் அசலில் இருக்கும் பழுப்புப் புள்ளிகளை நீக்கிப் பளபளப்பாக்கிய பிரிண்டை வாங்காதீர்கள். அந்தப் புள்ளிகளும் அந்தத் தாளின் வரலாறுதான்.

லிமிடெட் எடிஷன், ஆதென்டிசிட்டி சர்ட்டிபிகேட் என்பவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அவருக்குப் பின் வந்த ஜெர்மானியர் டியூரர் தானே மரத்திலும் செம்பிலும் செதுக்கி அச்சிட்டார், அவருடைய அசல் பிரிண்ட் என்று ஒன்று உண்மையில் உண்டு. லியனார்டோ அப்படி அச்சிட்டு விற்றவர் இல்லை. 500-இல் 37-ஆவது பிரதி என்று எழுதித் தந்தால், அந்தக் கடைக்காரர் 500 அச்சிட உத்தேசித்திருக்கிறார் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

தவறான பிரிண்டை அடையாளம் காண எளிய வழி ஒன்று. லியனார்டோ இடதுகைக்காரர். நிழல் போட அவர் இழுக்கும் இணைகோடுகள் பெரும்பாலும் மேல் இடதிலிருந்து கீழ் வலதாகச் சரியும். வலதுகைக்காரர்களுக்கு இது நேர்மாறாக இருக்கும். அவர் எழுத்தும் கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்க முடியும், வலமிருந்து இடமாக ஓடும். அழகுக்காகவோ தவறுதலாகவோ படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிடும் கடைகள் உண்டு. நிழல்கோடு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். விட்ருவியன் மனிதனில் இன்னொரு விஷயம், மேலும் கீழும் இருக்கும் கையெழுத்தையும், கீழே இருக்கும் அளவுகோல் கோட்டையும் வெட்டிவிட்டு மனிதரை மட்டும் விற்பார்கள். பல நேரம் அது கணினியில் புதிதாக வரைந்த கோடாகவே இருக்கும். கோடு முழுக்க ஒரே தடிமனில், மை ஏறி இறங்காமல் ஓடினால் விட்டுவிடுங்கள்.

இனி காகிதமும் மையும். ஜிக்லே என்பது நல்ல இங்க்ஜெட் அச்சுக்கு வைத்த பிரெஞ்சுப் பெயர், அதற்கென்று சட்டபூர்வமான தரம் எதுவும் கிடையாது. கேட்க வேண்டியது இரண்டு. மை பிக்மென்ட்டா (நுண்துகள் நிறமி), டையா (கரையும் சாயம்)? காகிதம் பருத்தியா, மரக்கூழா? பிக்மென்ட் மையும் பருத்திக் காகிதமும் சேர்ந்தால் நீண்ட காலம் நிற்கும், இது உறுதி. 100 வருடம், 200 வருடம் என்று அட்டையில் போடுவது, பரிசோதனைக் கூடத்தில் பலத்த ஒளியைச் சில மாதங்கள் பாய்ச்சிக் கணக்கிட்டது. கண்ணாடிக்குள் இருந்தால், தினமும் இவ்வளவு வெளிச்சம் பட்டால் என்ற அனுமானங்களின் மேல் நிற்கும் எண் அது. 200 நிற்குமா 80 நிற்குமா என்று நம் ஹாலை வைத்து யாரும் சோதித்ததில்லை. கையில் ஒரு லென்ஸ் இருந்தால் பிரிண்டின் மேல் வைத்துப் பாருங்கள். பூ இதழ் மாதிரி வட்டம் வட்டமாகப் புள்ளிகள் அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட் போஸ்டர், அதாவது தகடு வைத்து மொத்தமாக அச்சிட்டது. தூவியதுபோல ஒழுங்கில்லாத நுண்புள்ளிகள் என்றால் இங்க்ஜெட்.

காகிதத்தின் வெண்மையை மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் நீல விளக்கில் காட்டிப் பாருங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெளுப்பூட்டி சேர்த்த காகிதம். சில வருடங்களில் அந்த வெளுப்பு போய் மஞ்சள் தட்டும். லியனார்டோவின் தாள்களுக்கு அந்த நீல வெண்மை கொஞ்சமும் பொருந்தாது. வெளுப்பூட்டி இல்லாத, லேசாகப் பால் நிறம் கலந்த, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அளவில் இருக்கும், பளபளப்பில்லாத மேட் காகிதம் கேளுங்கள். கோட்டுச்சித்திரம் என்றால் அசல் தாளின் ஓரம்வரை, மூலைக் கிழிசல் உட்பட, முழுத் தாளையும் அச்சிடச் சொல்லுங்கள். சுற்றி ஒன்றிரண்டு அங்குலம் வெற்றுக் காகிதம் விடட்டும்.

நாம் பெரும்பாலும் தவறு செய்வது பிரேமில்தான். பீடிங்குக்கு, அதாவது வெளிச்சட்டத்துக்கு, ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு மவுண்டில் மிச்சம் பிடிக்கிறோம். மவுண்ட் வைப்பதன் முதல் காரணம் அழகில்லை, படம் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான். கடற்கரையோர ஊரிலிருந்து ஒருவர் தன் திருமணத்துக்குப் பரிசாக வந்த பிரிண்டைக் கொண்டுவந்தார். மவுண்ட் இல்லாமல் நேராகக் கண்ணாடியோடு வைத்து அடித்திருந்தார்கள். மூன்று ஐப்பசி அடைமழை கடந்ததில் முகத்தின் மேல் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. நான் ஒரு நாள் முழுக்கப் போராடியும் பாதி முகம் கண்ணாடியோடுதான் வந்தது. அவரிடம் அதைத் திருப்பிக் கொடுத்த நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மவுண்ட் போர்டு அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். கடையில் பழைய துண்டு ஒன்றை எடுத்து, ஜன்னல் வெட்டிய சாய்வு முனையைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தால் அதே பழுப்பு ஒருநாள் உங்கள் படத்தின் ஓரத்திலும் கோடு போடும். படத்தை செல்லோடேப்பால் ஒட்ட விடாதீர்கள், பெவிகால் தடவி அட்டையில் முழுதாக ஒட்டுவதும் வேண்டாம். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு காகிதக் கீல், கோதுமை மாவுப்பசையில் ஒட்டினால் போதும். படம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்க இடம் கிடைக்கும். பின்னால் வெறும் ஹார்ட்போர்டு நேராகப் படத்தைத் தொடாமல் நடுவில் ஓர் அமிலமில்லாத அட்டை வரட்டும். பின்புற ஓரங்களைக் காகித டேப்பால் முழுக்க மூடினால் ராமபாணப் பூச்சி உள்ளே போகாது.

மவுண்டின் அகலத்தில் தாராளமாக இருங்கள். போஸ்ட்கார்டு அளவுக் கரடிக்கு நான் நாலு பக்கமும் நாலு அங்குலம் விடுவேன், கீழே அரை அங்குலம் கூடுதலாக. அப்போது மொத்த பிரேம் ஓர் அடியைத் தாண்டிவிடும், சுவரில் சின்னதாகத் தெரியாது. பெரிய சுவர் என்று பயந்துதானே 4 அடிக்குப் போனீர்கள்? இப்படி மூன்று பிரேம்களை ஒரே கிடைக்கோட்டில், கண் மட்டத்தில் மாட்டினால் அந்தச் சுவர் நிறைந்துவிடும். பீடிங் மெல்லிய, சாயம் ஏற்றாத மரமாக இருக்கட்டும். செதுக்கு வேலை செய்த தங்க நிறம் கோட்டுச்சித்திரத்தை நசுக்கிவிடும். மோனா லிசாவைச் சுற்றியிருக்கும் சட்டம்கூட லியனார்டோ தேர்ந்தெடுத்தது இல்லை, 1909-இல் ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி அன்பளிப்பாகக் கொடுத்தது.

கண்ணாடியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வகை கிடைத்தால் வாங்குங்கள், செலவுக்கு ஏற்ற பலன் உண்டு. ஆனால் அதை நம்பி ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்ட வேண்டாம், வெயில் எந்தக் கண்ணாடிக்கும் கட்டுப்படாது. மியூசியங்கள் இந்தத் தாள்களை 50 லக்ஸ் என்ற மங்கலான ஒளியில், சில வாரங்கள் மட்டும் வெளியே வைத்துவிட்டுப் பிறகு ஆண்டுக்கணக்கில் இருட்டில் ஓய்வு கொடுக்கின்றன. வெனிஸில் இருக்கும் விட்ருவியன் மனிதனை 2019-இல் லூவருக்கு அனுப்பியபோதும் எட்டு வாரத்துக்குத்தான் அனுமதித்தார்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறத்தையும் தவிர்த்துவிடுங்கள். வேறு இடமே இல்லை என்றால், பிரேமின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் இரண்டு கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி காற்றோட்டம் இருந்தால் பூஞ்சை வராது.

அப்புறம், அச்சிட்டு விற்கும் எண்ணம் உங்களுக்கு வந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விட்ருவியன் மனிதனை வைத்துப் புதிர் அட்டை விற்ற ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு எதிராக, இத்தாலியப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின் கீழ் 2022-இல் வெனிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் அந்தச் சட்டம் இத்தாலிக்கு வெளியே செல்லாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் வீட்டுச் சுவருக்கு ஒரு பிரதி எடுப்பதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் சுவரின் அகலம், ஜன்னல் எந்தத் திசை, சோபாவின் முதுகு எவ்வளவு உயரம் என்று மூன்றையும் எழுதுங்கள். எந்தெந்தத் தாள், என்ன மவுண்ட் அளவு, தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஆணி என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.